பிளவின் மேல் இன்னொரு சுவர் எழக்கூடாது

நிலநடுக்கம் இடித்துப்போட்ட மியான்மரில், மண்டலேயிலும் சகாயிங்கிலும் அமரபுராவிலும் சுவர்கள் மறுபடி எழுகின்றன. இடிபாட்டில் பொறுக்கிய செங்கல்லைத் தட்டி, ஒட்டியிருந்த பழைய காரையை உதிர்த்து, அதே மனையில், அதே கலவையில், அதே முறையில் அடுக்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் சமவெளி அது. தார்ப்பாயின் கீழ் கைக்குழந்தையோடு கோடையைக் கழித்தவளிடம் போய், மண் பரிசோதனை முடியும்வரை பொறு என்று வெறுங்கையோடு சொல்ல முடியாது. மே மாத நடுவில் மழை இறங்கிவிடும். அதற்குள் அவளுக்குக் கூரை வேண்டும்.

அந்தச் சுவர்களில் ஒரு பங்கு நம் காசிலும் எழுகிறது. நம் ஊர்களில் உண்டியல் குலுக்கிச் சேர்த்த பணம், சங்கத்தில் ஒருநாள் கூலியை விட்டுக்கொடுத்துத் திரட்டிய பணம், யாங்கூன் கோயில் கமிட்டிகள் வழியாகப் போகும் பணம். அதனால்தான் இதை எழுதுகிறேன். கொத்தனார், மேஸ்திரி, கம்பி கட்டும் தோழர், சிவில் பொறியாளர், நிலவியல் மாணவர், மியான்மரில் பள்ளியும் கோயிலும் நடத்தும் தமிழ்த் தோழர், எல்லோருக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. நாம் அனுப்பும் பணத்தில் முதல் செலவு மண்ணை அறிவதற்காக இருக்கட்டும். செங்கல்லும் சிமெண்டும் அதற்குப் பிறகு. கால அவகாசம் குறைவு. ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு தவறான மனையில் அஸ்திவாரம் விழுகிறது. விழுந்துவிட்ட அஸ்திவாரத்தை யாரும் தோண்டி எடுக்கப் போவதில்லை.

2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை பகல் 12.50. ரமலானின் கடைசி வெள்ளி என்பதால் பள்ளிவாசல்கள் நிரம்பிக்கொண்டிருந்தன. மண்டலேயில் ஒரு மடாலயத்தில் பிக்குகள் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். நடுக்கத்தின் அளவு 7.7, ஆழமோ 10 கிலோமீட்டர்தான். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பெரிய பின்னதிர்வும் வந்தது. அரசு ஒப்புக்கொண்ட கணக்கிலேயே 3,700-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கட்டடச் சேதத்தை உலக வங்கி ஏறத்தாழ 1,100 கோடி டாலர் என மதிப்பிட்டது. அந்நாட்டு மக்கள் ஓராண்டு முழுக்க உழைத்து உண்டாக்கும் மதிப்பில் ஏழில் ஒரு பங்கு அது.

இந்த இடத்தில் நடுக்கம் வரும் என்பது தெரியாத ரகசியமா? இல்லை. இந்தியத் தட்டு வடக்கே போகிறது. போகும்போது பர்மாவின் மேற்குப் பகுதியையும் இழுத்துக்கொண்டு போகிறது. கிழக்குப் பகுதி பின்தங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே வடக்கு தெற்காக 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது சகாயிங் பிளவு. ஆண்டுக்கு 18 முதல் 20 மில்லிமீட்டர் வரை அதன் இரு பக்கமும் எதிரெதிராக நகர வேண்டும். ஆனால் பாறைகள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்து நிற்கின்றன. நகர்வு நடப்பதில்லை, இழுப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது. பல தலைமுறை இழுப்பு ஓரிரு நிமிடத்தில் அவிழ்வதுதான் நாம் அன்று கண்டது. பர்மிய நிலவியலாளர் வின் சுவே 1970களின் தொடக்கத்திலேயே இந்தப் பிளவை அடையாளம் கண்டு எழுதிவிட்டார். 1839-இல் ஒரு பெருநடுக்கம் அவா தலைநகரை இடித்துத் தள்ளியது. சில ஆண்டுகளில் தலைநகர் அமரபுராவுக்குப் பெயர்ந்தது. வரலாறும் சொல்லியிருக்கிறது, நிலவியலும் சொல்லியிருக்கிறது.

இன்னும் கூர்மையாகவும் சொல்லப்பட்டிருக்கிறது. 2011-இல் ஹுருகாவா என்ற ஜப்பானிய அறிஞரும் பியோ மவுங் மவுங் என்ற பர்மிய அறிஞரும் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 1918 முதல் நிகழ்ந்த நடுக்கங்களின் மையங்களைத் திருத்திக் கணக்கிட்டு, எந்தெந்தத் துண்டுகள் உடைந்தன, எவை உடையாமல் மிச்சமிருக்கின்றன என்று அதில் காட்டினார்கள். மிச்சமிருந்தவை இரண்டு. ஒன்று மத்திய மியான்மரில் 260 கிலோமீட்டர் நீளத் துண்டு. அது 7.9 வரை நடுக்கம் தரக்கூடும் என்றும், புதிய தலைநகர் நேபிடோ அதன் மேலேயே இருக்கிறது என்றும் வெளிப்படையாக எழுதினார்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்து அந்தத் துண்டும் அதற்கு வடக்கே இருந்த பகுதியும் சேர்ந்து, 450 கிலோமீட்டருக்கும் மேல் ஒரேயடியாகக் கிழிந்தன. சில பகுதிகளில் அந்தக் கிழிசல், தான் எழுப்பிய குறுக்கலைகளையே முந்தும் வேகத்தில் தெற்கே பாய்ந்தது. நேபிடோவில் அமைச்சகக் கட்டடங்கள் சிதைந்தன. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சாய்ந்தது.

அறிவு இருந்தது, தோழர்களே. அது கொத்தனார் கைக்கு வந்து சேரவில்லை. அந்த இடைவெளியை அடைக்கத்தான் உங்களை அழைக்கிறேன்.

பிளவுக்கோட்டிலிருந்தே தொடங்குவோம். தாசி நகருக்கு அருகே ஒரு சூரிய மின்நிலையத்தில் வாசலைப் பார்த்து வைத்திருந்த பாதுகாப்புக் கேமரா, அன்று யாரும் அதுவரை பதிவு செய்யாத ஒன்றைப் பதிவு செய்தது. தரையில் கோடு விழுகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிலம், மரம் மட்டை வேலியோடு அப்படியே நழுவிப் போகிறது. கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் காட்சியை அளந்து பார்த்தார்கள். ஏறத்தாழ 2.5 மீட்டர் நகர்வு, ஒன்றரை நொடிக்குள் முடிந்துவிட்டது. வேறு சில இடங்களில் நகர்வு 5 மீட்டரையும் தாண்டியது. இந்தக் கோட்டின் குறுக்கே நிற்கும் வீட்டை எந்தக் கம்பியாலும் காப்பாற்ற முடியாது. எவ்வளவு கெட்டியாகக் கட்டினாலும் அது இரண்டாகக் கிழியும். ஆட்டத்தைத் தாங்கும் வீடு கட்டலாம். கிழிப்பைத் தாங்கும் சாதாரண வீடு கிடையாது. கோட்டை விட்டு விலகுவதுதான் ஒரே வழி.

எவ்வளவு விலக வேண்டும்? 1971-இல் சான் ஃபெர்னாண்டோ நடுக்கத்தில் வீடுகள் கிழிந்த மறு ஆண்டே கலிஃபோர்னியா சட்டம் கொண்டுவந்தது. உயிருள்ள பிளவின் குறுக்கே மனிதர் வாழும் கட்டடம் கூடாது. நிலவியலாளர் குழி வெட்டிப் பிளவின் இடத்தைக் காட்ட வேண்டும். பொதுவாக 50 அடி தள்ளிக் கட்ட வேண்டும். ஐம்பதே அடி! ஒரு தெருவின் அகலம். மியான்மரின் கிராமங்களில் இது யாரையும் ஊரைவிட்டுத் துரத்தும் தூரம் இல்லை. பெரும்பாலான இடங்களில் வீட்டை மனையின் ஒரு மூலைக்கு நகர்த்தி, பிளவு போகும் பகுதியில் தோட்டமோ மாட்டுத் தொழுவமோ போட்டால் போதும். செயற்கைக்கோள் படங்களிலிருந்து வரைந்த கிழிசல் வரைபடங்கள் பொதுவெளியில் இருக்கின்றன. ஒரு கிராமத்தின் இருப்பிடக் குறியீட்டை வைத்து, நம் மாணவத் தோழர் ஒருவர் சென்னையில் உட்கார்ந்தபடியே ஒரு மாலைப் பொழுதில் சொல்லிவிடலாம், நிதி போகும் மனை கோட்டுக்கு எவ்வளவு தொலைவு என்று. அதைச் செய்ய யாரும் இல்லாததால் பணம் கண்ணை மூடிக்கொண்டு போகிறது.

அடுத்தது மண். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் சாவில் மண்ணுக்கும் பங்கு இருக்கிறது.

கடற்கரையில் ஈர மணலில் நின்று காலால் தொடர்ந்து தட்டிப் பாருங்கள். கெட்டியாக இருந்த மணல் கூழாகி, தண்ணீர் மேலே வந்து, கால் இறங்கும். நடுக்கத்தில் ஆற்றங்கரை மணலுக்கு நேர்வது இதுவே. மணல் பருக்கைகளுக்கு இடையில் இருக்கும் நீர் அழுத்தம் ஏறி, பருக்கைகள் ஒன்றையொன்று தாங்குவதை விட்டுவிடுகின்றன. தரை தன் சுமையைத் தூக்கும் திறனை இழக்கிறது. வீடு சாய்கிறது, புதைகிறது. ஆற்றை நோக்கிக் கரையே நழுவுகிறது. ஐராவதியின் வெள்ளச் சமவெளியில் பல இடங்களில் அன்று மணலும் நீரும் தரையைப் பிளந்துகொண்டு பொங்கின. அமரபுராவின் ஆற்றோரப் பகுதிகள் கடுமையாகச் சிதைந்ததில் இந்த மண்ணுக்குப் பங்கு உண்டு. மையத்திலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் இன்லே ஏரியில் கால் நாட்டிக் கட்டிய வீடுகள் வரிசையாகச் சரிந்தன. அங்கே அடியில் இருப்பது ஏரிச்சேறு.

இளகிய மண் தூரத்தையும் பொருட்படுத்தாது. 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் பாங்காக்கில், கட்டி முடிக்கும் நிலையில் இருந்த 30 மாடிக்கும் மேற்பட்ட அரசுக் கட்டடம் நொடிகளில் தூளானது. பாங்காக் தடித்த களிமண்ணின் மேல் உட்கார்ந்திருக்கும் நகரம். தூரத்திலிருந்து வரும் மெதுவான நீண்ட அலைகளை அந்தக் களிமண் பெருக்கிவிடும். உயரமான கட்டடங்கள் அந்த அலைகளுக்குத்தான் ஆடும். ஆனால் அதே நகரத்தில் அதே மண்ணில் நூற்றுக்கணக்கான உயர்ந்த கட்டடங்கள் நின்றன, அது மட்டும் விழுந்தது. மண் பெருக்கியது உண்மை. கொன்றது கட்டுமானம். உள்ளே இறந்தவர்கள் நம் வர்க்கத்தவர்கள், வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள். மியான்மரிலிருந்து பிழைக்கப் போனவர்களும் அவர்களில் உண்டு. சொந்த நாட்டின் நடுக்கம் அவர்களைத் துரத்திக்கொண்டு போய் அயல்நாட்டில் கொன்றது. இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

மண்ணை அறிவது பணக்கார நாடுகளின் ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். பள்ளி, மருத்துவமனை, மாடிக் கட்டடம் என்றால் மண்ணில் ஆழ்துளை போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். 63.5 கிலோ சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, குழாய் ஓர் அடி ஆழம் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணும் பழைய பரிசோதனைதான். நிலத்தடி நீருக்குக் கீழே இருக்கும் மணலில் அந்த எண் 10-க்குக் கீழே வந்தால் அபாயம் என்று பொருள். சிறிய வீட்டுக்கு அதுவும் வேண்டாம். ஓர் ஆள் உயரக் குழி தோண்டுங்கள். எந்த ஆழத்தில் தண்ணீர் வருகிறது, வருவது களியா, மணலா, நிரப்பிய குப்பையா என்று பாருங்கள். அந்த ஊரின் வயதானவர்களிடம் கேளுங்கள். இங்கே குளம் இருந்ததா? ஆறு எந்தப் பக்கம் ஓடியது? வயல் எப்போது மனையானது? மார்ச் 28 அன்று எங்கே மணல் பொங்கியது? இந்தக் கேள்விகளுக்கான விடைகளை ஊர்ப்படத்தில் குறித்து வைத்தாலே பாதி ஆபத்து கண்ணுக்குத் தெரிந்துவிடும். மணல் பொங்கிய இடத்தில் மறுபடியும் பொங்கும். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2010 செப்டம்பரில் மணல் பொங்கிய அதே தெருக்களில் 2011 பிப்ரவரியிலும் பொங்கியது. ஆற்றோரத்தில் ஏறத்தாழ 8,000 வீட்டு மனைகளை அரசு விலை கொடுத்து வாங்கி, குடியிருப்பே கூடாது என்று ஒதுக்கியது.

விலை கொடுத்து என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

அபாய வரைபடம் ஏழைகளை வெளியேற்றும் ஆயுதமாகவும் மாறும். மியான்மரில் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. நடுக்கம் நடந்த பிறகும் குண்டுவீச்சு நிற்கவில்லை. அப்போது சகாயிங் வட்டாரத்தின் பெரும்பகுதி எதிர்ப்பாளர்கள் கையில் இருந்தது, உதவிப் பொருள்கள் அங்கே போய்ச் சேர்வதே போராட்டமாக இருந்தது. பழைய பள்ளிவாசல்களைச் செப்பனிட ஆண்டுக்கணக்கில் அனுமதி மறுக்கப்பட்டதாக அங்குள்ள முஸ்லிம்கள் சொல்கிறார்கள். செப்பனிடாத சுவர்கள் தொழுகை நேரத்தில் விழுந்தன. இப்படிப்பட்ட ஆட்சியின் கையில் ‘இது அபாய மண்டலம், காலி செய்’ என்ற ஒரு சிவப்புக் கோடு கிடைத்தால் அது யார் குடிசை மேல் போடப்படும் என்று நான் சொல்ல வேண்டுமா?

பாகிஸ்தானின் பாலகோட்டைப் பாருங்கள். 2005 அக்டோபர் 8 நடுக்கத்தில் தரைமட்டமான ஊர். பிளவின் மேல் இருப்பதால் சிவப்பு மண்டலம் என்று அறிவித்தார்கள். பக்ரியாலில் புதிய நகரம் கட்டித் தருவோம் என்றார்கள். நிலம் எடுப்பதில் தகராறு, இழுபறி. ஆண்டுகள் பல ஓடியும் புதிய நகரம் முடியவில்லை. மக்கள் காத்திருந்து சலித்து, சிவப்பு மண்டலத்திலேயே தங்கள் கைக்கு எட்டியபடி கட்டிக்கொண்டார்கள். தடையும் போட்டு மாற்றும் தராததால், மக்கள் பொறியாளர் துணையே இல்லாமல் கட்ட நேர்ந்தது. முன்பைவிட மோசமான நிலை இது. அதனால் நம் நிலைப்பாடு தெளிவாக இருக்கட்டும். மாற்று மனையும், பட்டாவும், வயலுக்கும் சந்தைக்கும் நடந்து போகும் தூரமும் உறுதியாகாமல் யாரையும் இடம் மாற்றக் கூடாது. வரைபடம் முதலில் ஊர்மக்கள் கையில் இருக்க வேண்டும், அவர்கள் மொழியில்.

நம் நாட்டிலும் பாடம் உண்டு. 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் லாத்தூர் மாவட்டம் கில்லாரியில் வந்த நடுக்கத்தின் அளவு 6.2 மட்டுமே. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அன்றைய இந்திய அபாய வரைபடத்தில் அந்த இடம் மிகக் குறைந்த அபாயமுள்ள முதல் மண்டலம். மண்சாந்தில் அடுக்கிய கனத்த கல்சுவர், அதன்மேல் கனத்த மண்கூரை. தூங்கியவர்கள் மேல் அவர்கள் வீடே விழுந்தது. பெரிய அளவில் வரைந்த நாட்டு வரைபடத்தை மட்டும் நம்பி ஒரு மனையைப் பாதுகாப்பானது என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சென்னையையும் 2002-இல்தான் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள். குஜராத்தில் 2001 ஜனவரி 26 நடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பலவும் கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தச் சுவரில்லாமல் தூண்கள் மேல் விட்டவை. நம் தெருக்களில் இன்று எழும் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தையும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

அந்த நடுக்கத்துக்குப் பிறகு அதே குஜராத்தின் கச்ச் பகுதியில் நல்ல பாடமும் கிடைத்தது. ஒப்பந்ததாரர் வீடுகளைக் கட்டிச் சாவி கொடுப்பதற்குப் பதிலாக, பெரும்பாலான கிராமங்களில் குடும்பங்களே தங்கள் வீட்டைக் கட்டின. பணம் தவணையாக வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் பொறியாளர் பார்த்து, சுவரைச் சுற்றி ஓடும் கான்கிரீட் பெல்ட்டும் கம்பியும் சரி என்று சொன்ன பிறகே அடுத்த தவணை. கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த ஊர்களில் அறிவு தங்கியது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் சில இடங்களில் இதற்கு நேர்மாறாக, அவசரமாகத் தாழ்ந்த நிலத்தில் வரிசை வீடுகள் கட்டி, ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் தேங்குவதை நாகை, கடலூர்க்காரர்கள் அறிவார்கள். கொடுத்தவர்களுக்குப் பெயர்ப்பலகை கிடைத்தது. குடியிருப்பவர்களுக்கு ஈரச்சுவர்.

ஆகவே கட்டுமானத் தோழர்களே, உங்கள் கை அங்கே தேவை, உங்கள் சொல்லும் தேவை. அஸ்திவாரத்தின் மேல் பிளிந்த் பெல்ட், கதவு ஜன்னலுக்கு மேல் லிண்டல் பெல்ட், கூரை மட்டத்தில் ஒரு பெல்ட், மூலைகளில் அஸ்திவாரத்திலிருந்து கூரைவரை ஒரு கம்பி. சாதாரணச் செங்கல் வீட்டை இவ்வளவு சிறிய செலவு, உயிர்காக்கும் வீடாக்கிவிடும். தூண் வீடு என்றால், தூணும் பீமும் சேரும் இடத்துக்கு அருகே, கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகள் நான்கு அங்குலத்துக்கு மேல் விலகக்கூடாது. ரிங்கின் முனையைத் தொண்ணூறு டிகிரியில் மடித்து விட்டுவிடாமல், 135 டிகிரி வரை உள்ளே மடக்க வேண்டும். ஆட்டத்தில் மேல்பூச்சுக் கான்கிரீட் உதிரும்போது தொண்ணூறு டிகிரிக் கொக்கி விரிந்து திறந்துவிடும். ரிங் திறந்தால் தூணுக்குள் இருக்கும் கான்கிரீட் சிதறும், மாடி உட்காரும். உள்ளே மடித்த கொக்கி திறக்காது. இந்த ஒரு மடிப்புக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை என்றே சொல்லலாம். கம்பி கட்டுபவர் கை இன்னும் நாற்பத்தைந்து டிகிரி திரும்ப வேண்டும், அவ்வளவுதான். மரச்சட்டத்துக்கு நடுவே செங்கல் நிரப்பும் மியான்மரின் பழைய வீட்டு முறையும் கெட்ட முறை அல்ல. மூலைகளில் குறுக்குக் கட்டையும் இரும்புப் பட்டையும் அடித்து, கூரையை இலேசான தகரமாக வைத்தால் நல்ல வீடு. மக்களுக்குப் பழகிய முறையை வலுப்படுத்துவதுதான் வேலை. வெளியூர் வடிவத்தை அவர்கள் தலையில் கட்ட வேண்டாம்.

கான்பூர் ஐஐடியில் பேராசிரியர் சி.வி.ஆர். மூர்த்தி எழுதிய சிறு சிறு நிலநடுக்கப் பாடங்கள் படத்தோடு, இலவசமாக, யாரும் எடுத்துக்கொள்ளும்படி இருக்கின்றன. மேஸ்திரிக்குப் புரியும் மொழியில் எழுதப்பட்டவை. அவற்றில் செங்கல் வீடு, பெல்ட், ரிங், மென்மையான கீழ்த்தளம் பற்றியவற்றை முதலில் பர்மிய மொழிக்குக் கொண்டுபோக வேண்டும். பர்மியமும் தமிழும் தெரிந்த யாங்கூன் தோழர்களே, இந்த வேலைக்கு உங்களைவிட்டால் வேறு ஆள் இல்லை. சென்னை தரமணியில் எஸ்இஆர்சி என்னும் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வகத்தில் அதிர்வு மேசை இருக்கிறது. அங்கே பணியாற்றும், பணியாற்றி ஓய்வுபெற்ற தோழர்கள் ஒரு வரைபடத்தைப் பார்த்துத் திருத்தித் தர ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அந்த ஞாயிற்றுக்கிழமையை நாங்கள் உரிமையோடு கேட்கிறோம்.

கடைசியாக, இன்னும் விழாத ஊர்களைப் பற்றி. இதற்காகத்தான் இந்த அழைப்பில் இவ்வளவு அவசரம்.

மார்ச் 28-இன் கிழிசல் நேபிடோவுக்குத் தெற்கே போய் நின்றுவிட்டது. அதற்கும் தெற்கே சகாயிங் பிளவு நிற்கவில்லை. பியூ வழியாக, பகோ நகரத்தை ஒட்டி, கடலுக்குள் போகிறது. பகோவை அது கடைசியாக உலுக்கியது 1930 மே 5 இரவில். 7-க்கு மேற்பட்ட அளவு. பகோவில் ஏறத்தாழ 500 பேர் இறந்தார்கள், ரங்கூனில் 50 பேர். ஷ்வேமாடோ பகோடா இடிந்து விழுந்தது, அதை மறுபடி எழுப்பி முடிக்க 1954 ஆனது. அதே 1930 டிசம்பரில் பியூவும் குலுங்கியது. அதற்குப் பிறகு 95 ஆண்டுகளாக அந்தத் துண்டுகளில் இழுப்பு சேர்ந்துகொண்டிருக்கிறது. ஆண்டுக்கு 18, 20 மில்லிமீட்டர் என்றால் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 1.8 மீட்டர் நகர்வுக்கான கடன். வடக்கே இருந்த துண்டு உடைந்ததால் தெற்கின் மேல் சுமை கூடியிருக்கிறது என்பதே நிலநடுக்க இயலின் கணிப்பு. நாளும் நேரமும் யாராலும் சொல்ல முடியாது. நாளைக்கே வரலாம், நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் வரலாம். வரும் என்பதில் மட்டும் ஐயமில்லை.

1930-இன் ரங்கூன் வேறு, இன்றைய யாங்கூன் வேறு. ஐம்பது லட்சத்துக்கு மேல் மக்கள். பிளவு நகரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் போகிறது. ஆற்றோரம் இளகிய களிமண். நகர மையத்தில் பிரிட்டிஷ் காலத்துச் செங்கல் கட்டடங்கள் மேலே சேர்த்துக் கட்டிய மாடிகளோடு நிற்கின்றன. சந்துகளில் ஒல்லியான ஏழெட்டு மாடி வீடுகள், கீழே கடை. தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் தெருக்களும் அவற்றில் உண்டு. பகோ வட்டாரத்தில் தமிழ் விவசாயக் குடும்பங்கள் இருக்கின்றன. செட்டியார் காலத்துக்குப் பிறகும், 1960களில் இந்தியர்கள் வெளியேற்றப்பட்ட பிறகும் அந்த மண்ணை விட்டுவராதவர்கள் அவர்கள். அங்கே பள்ளிக்கூடமும் கோயிலும் அன்னதானக் கூடமும் நடத்துகிறார்கள். நடுக்கம் வந்தால் ஊர் ஓடிவந்து ஒதுங்கும் கட்டடங்கள் அவை. அந்தக் கூடங்களின் சுவர்களில் பெல்ட் இருக்கிறதா? கோபுரத்தின் சுதைச் சிற்பங்கள் வாசலில் நிற்பவர் தலைமேல் விழாமல் பிடித்துக் கட்டியிருக்கிறதா? பள்ளியின் மாடிப்படி எங்கே இறங்குகிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

மண்டலேயில் எல்லாம் இடிந்த பிறகுதான் நாம் போய் நின்றோம். பகோவிலும் யாங்கூனிலும் இடியும் முன்பே போய் நிற்கும் வாய்ப்பு இருக்கிறது. இந்தக் கணக்கை நிதி கொடுப்பவர்களிடம் அஞ்சாமல் சொல்லுங்கள்: மண்டலேயில் புதிதாகக் கட்டும் ஒரு வீட்டின் காசில், பகோவில் நிற்கும் பல வீடுகளுக்கு மூலைக்கம்பியும் பெல்ட்டும் போட்டுக் கொடுக்கலாம். படம் எடுத்துப் போட அதில் எதுவும் இருக்காது, திறப்பு விழா இருக்காது. உயிர்கள் இருக்கும்.

தோழர்களே, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் சங்கமோ, மன்றமோ, கோயில் கமிட்டியோ மியான்மருக்கு நிதி அனுப்பியிருந்தால், அனுப்பப் போகிறீர்கள் என்றால், அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளைத் தீர்மானமாக எழுதுங்கள். அந்த மனை பிளவுக்கோட்டிலிருந்து எத்தனை அடி? குழி தோண்டியபோது என்ன மண் வந்தது, எந்த ஆழத்தில் தண்ணீர்? பெல்ட்டும் ரிங்கும் யார் பார்த்து ஒப்புதல் தந்தார்கள்? விடை வராமல் அடுத்த தவணை போகக்கூடாது. விடை தேட வழியில்லாதவர்களைத் தண்டிப்பது நம் நோக்கம் அல்ல. அவர்களுக்கு ஆளும் கருவியும் அனுப்புங்கள், தவணையின் முதல் பங்கிலேயே அதற்கான காசை ஒதுக்குங்கள்.

நிலவியல், சிவில் மாணவர்களே, வகுப்புக்கு ஐந்து பேர் சேருங்கள். ஒரு குழு கிழிசல் வரைபடத்தின் மேல் கிராமங்களை வைத்துக் குறிக்கட்டும். இன்னொரு குழு பகோ முதல் யாங்கூன் வரை தமிழ்ப் பள்ளிகள், கோயில்கள், கூடங்களின் பட்டியலை அங்குள்ள தோழர்களிடம் கேட்டுத் தயாரிக்கட்டும். யாங்கூன் தோழர்களே, ஒவ்வொரு கட்டடத்துக்கும் நான்கு மூலையின் படம், கீழ்த்தளத்தின் படம், சுவர் வெடிப்புகளின் படம் எடுத்து வையுங்கள். பெயரும் முகவரியும் தவறான கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே நிலைமை உங்களுக்குத்தான் தெரியும். மேஸ்திரித் தோழர்களே, பயிற்சிக்கு ஆள் கேட்டால் கை தூக்குங்கள். எல்லை தாண்டிப் போக வழியில்லாவிட்டால், ரிங் மடிப்பதையும் பெல்ட் கட்டுவதையும் கைபேசியில் பேச்சில்லாமல் கையை மட்டும் காட்டிப் படம் பிடித்து அனுப்புங்கள். அதற்கு எந்த மொழிபெயர்ப்பும் வேண்டாம். மழை தொடங்குமுன் முதல் படங்கள் போய்ச் சேர வேண்டும்.